கிறிஸ்துமஸ் நேரத்தில் குழந்தைகள் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறார்கள்? பெற்றோர் என்ன செய்யலாம்?

கடந்த ஆண்டு டிசம்பர் 25. அதிகாலை 4.20 மணி. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு சர்ச்சுக்குள் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வெளியே படிக்கட்டில் என் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று வயது மகள். புது ஃப்ராக் கழுத்தில் குத்துகிறது என்று தொடங்கிய அழுகை, ஷூ வேண்டாம், தண்ணீர் வேணும், இந்தத் தண்ணீர் வேணாம் என்று வளர்ந்து, கடைசியில் காரணமே இல்லாமல் தொடர்ந்தது. உள்ளே போன உறவினர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்கள். “பசிக்கும்போல.” “செல்லம் கொடுத்துட்டீங்க.” “கேக் அதிகம் சாப்பிட்டிருப்பா.”

“இதுக்கா ராத்திரி முழுக்க ரயில்ல வந்தேன்?” என்று அக்கா கேட்டபோது, அவர் கண்ணிலும் தண்ணீர்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் இப்படித்தான் வருகிறது. ஒரு மாதம் ஆசையாகக் காத்திருந்து, சரியாக அந்த நாளில் குழந்தை அழ, பெற்றோர் சோர்ந்துபோக, போட்டோவில் மட்டும் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் இப்படி? எதையெல்லாம் மாற்ற முடியும்? பார்ப்போம்.

அந்தப் பத்து நாளில் குழந்தைக்கு என்ன நடக்கிறது?

அக்காவும் அத்தானும் சென்னையில் ஐடி வேலையில் இருப்பவர்கள். நம்மூர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் டிசம்பர் 23-ஐ ஒட்டித்தான் அரையாண்டுத் தேர்வு முடியும். விடுமுறை பிள்ளைகளுக்குத்தான். அலுவலகத்துக்கு 25-ம் தேதி ஒருநாள்தான் லீவு. ரயில் டிக்கெட் கதை இன்னும் மோசம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் இருந்து 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. டிசம்பர் 23-க்கு டிக்கெட் வேண்டும் என்றால் அக்டோபர் 24 காலை மொபைலும் கையுமாக உட்கார வேண்டும்.

இப்படி அடித்துப்பிடித்து ஊருக்கு வந்து சேரும் குழந்தையின் நாளைப் பாருங்கள். முதல் நாள் இரவு ரயிலில் அரைகுறைத் தூக்கம். காலையில் புது வீடு, புது முகங்கள், ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். மதியத் தூக்கம் கட். மாலையில் கடைவீதி. இரவு 11 மணிக்கு டிரம் சத்தத்தோடு கேரல் ரவுண்ட்ஸ். தெருவில் வெடி. பிறகு, அதிகாலை 3 மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டல்.

பெரியவர்களுக்கு இது கொண்டாட்டம். குழந்தைக்கோ சாப்பாட்டு நேரம், தூங்கும் இடம், பக்கத்தில் இருக்கும் ஆள் என்று தெரிந்ததெல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிடுகிறது. “எனக்கு முடியல” என்று சொல்லத் தெரியாத வயதில், அதைச் சொல்லும் ஒரே வழி அழுகைதான்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்?

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 24 மணி நேரத்தில் (பகல் தூக்கத்தையும் சேர்த்து):

• 1 - 2 வயது: 11 முதல் 14 மணி நேரம்
• 3 - 5 வயது: 10 முதல் 13 மணி நேரம்
• 6 - 12 வயது: 9 முதல் 12 மணி நேரம்

எங்கள் வீட்டுச் சின்னவள் அன்று தூங்கியது இரவு 11.30-ல் இருந்து 3 மணி வரை. மூன்றரை மணி நேரம்! அவள் வயதுக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை.

இதில் பெற்றோர் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. தூக்கம் குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்து உட்காருவோம். குழந்தைகள் பல நேரம் அதற்கு நேர்மாறு. ஓடுவார்கள், கத்துவார்கள், சின்ன விஷயத்துக்கும் வெடிப்பார்கள். “இவ்ளோ ஆட்டம் போடுறான், இவனுக்கா தூக்கம் வருது?” என்று நாம் நினைக்கிற அந்த நேரத்தில்தான் அவனுக்குத் தூக்கம் ரொம்பத் தேவை.

எல்லா நாளும் எல்லா வழக்கத்தையும் காப்பாற்ற முடியாது. ஆனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரவுத் தூக்கம் கெடப்போகிறது என்று தெரிந்தால், அன்று மதியத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டில் பயன்படுத்தும் போர்வை, தலையணையை ஊருக்கும் எடுத்துப் போங்கள். இடம் மாறினாலும் அந்த வாசனை மாறாது.

கேக்தான் காரணமா?

“ஸ்வீட் சாப்பிட்டா பிள்ளைங்க ஆட்டம் போடும்” என்பது உலகம் முழுக்க நம்பப்படும் விஷயம். இதுபற்றி நடந்த பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1995-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாக அதில் தெரியவில்லை. இனிப்பு சாப்பிடும் இடங்களை யோசித்துப் பாருங்கள். பிறந்தநாள், கல்யாணம், பண்டிகை. கூட்டமும் சத்தமும் தூக்கக் குறைவும் இருக்கும் இடங்கள். பழி மட்டும் கேக் மேல்.

அதற்காகக் கணக்கில்லாமல் கொடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பல்லும் பசியும் கெடும். அச்சு முறுக்கும் அதிரசமுமாக வயிறு நிரம்பிய குழந்தை சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறக்காது. பிறகு நேரம் கெட்ட நேரத்தில் பசித்து அழும். பலகாரம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு சின்னத் தட்டில், அவ்வளவுதான்.

‘இன்னும் எத்தனை நாள் இருக்கு?’

டிசம்பர் முழுக்க ஒரு நாளைக்குப் பத்து முறை வரும் கேள்வி. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ‘பன்னிரண்டு நாள்’ என்று சொன்னால் எதுவும் புரியாது. காலத்தைக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிந்தால்தான் அதற்குக் காத்திருக்கத் தெரியும்.

ஜெர்மனியில் 19-ம் நூற்றாண்டில் சில வீடுகளில் கதவில் 24 சாக்பீஸ் கோடுகள் போட்டு, தினம் ஒன்றை அழிக்கும் பழக்கம் இருந்தது. இன்று கடைகளில் விலைக்கு விற்கும் ‘அட்வென்ட் காலண்டர்’ அங்கிருந்து வளர்ந்ததுதான். இதற்குக் காசே வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவில் 24 ஸ்டிக்கி நோட் ஒட்டுங்கள். இரவு தூங்கும் முன் பிள்ளை ஒன்றைக் கிழிக்கட்டும்.

கத்தோலிக்க வீடுகளில் குடில் வைக்கும் முறையிலேயே இந்தக் காத்திருப்பு இருக்கிறது. அசிசியின் பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் வழக்கம் அது. பல வீடுகளில் 24-ம் தேதி இரவு வரை குழந்தை இயேசுவின் இடம் காலியாக இருக்கும். வைக்கோல் போடுவது, ஆட்டுக்குட்டியை நகர்த்துவது எல்லாம் குழந்தையின் வேலை என்று விட்டுவிட்டால், ஒரு மாதத்துக்கு அது ஒரு விளையாட்டு. குடில் கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்து ஏன் அலறுகிறார்கள்?

சிவப்புச் சட்டை, பிளாஸ்டிக் முகமூடி, பஞ்சு தாடி, பின்னால் டிரம் செட். நள்ளிரவில் வீட்டுக்குள் நுழையும் இந்த உருவத்தைக் குழந்தையின் உயரத்தில் இருந்து ஒருமுறை பாருங்கள். ஒரு வயதை ஒட்டி அறிமுகம் இல்லாதவர்களைக் கண்டு பயப்படுவது வளர்ச்சியின் இயல்பான பகுதி. முகமூடி பயம் நான்கு வயது வரைகூட இருக்கலாம். முகம் அசையவில்லை, ஆனால் ஆள் அசைகிறார் என்பதே அவர்களைக் குழப்பும்.

அழும் குழந்தையை “கை கொடு, போட்டோ எடுக்கணும்” என்று தள்ளாதீர்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் இருந்து காட்டுங்கள். தெரிந்தவர்தான் வேடம் போடுகிறார் என்றால், அவர் முகமூடியை மாட்டிக் கழற்றுவதைப் பகலிலேயே ஒருமுறை காட்டச் சொல்லலாம்.

இன்னொன்று. “சாப்பிடலைன்னா தாத்தாகிட்ட சொல்லிடுவேன்” என்று மிரட்டுவது. பூச்சாண்டிக்குச் சிவப்புச் சட்டை மாட்டிவிட்ட கதைதான் அது. வருடம் முழுக்கப் பயந்த ஆளிடம் இருந்து பரிசு வாங்க எந்தக் குழந்தைக்குப் பிடிக்கும்?

தாத்தா உண்மையா, பொய்யா என்ற கேள்வி பெரும்பாலும் ஏழெட்டு வயதில் வரும். அக்காவின் பெரியவனுக்கு இப்போது ஏழு. போன வாரம் என்னிடம் கேட்டான்: “சித்தி, போன வருசம் வந்த கிறிஸ்துமஸ் தாத்தா ஏன் எதிர் வீட்டு மாமா செருப்பைப் போட்டிருந்தாங்க?” இப்படிக் கேட்கிற பிள்ளையிடம் பொய்யை நீட்ட வேண்டியதில்லை. “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேளுங்கள். விடையை அவனே சொன்னால், “சரியா கண்டுபிடிச்சிட்ட, தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லாத” என்று ரகசியத்தில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அது ஒரு பதவி உயர்வு.

எத்தனை பரிசு போதும்?

அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தினர் 36 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒருமுறை 4 பொம்மைகளோடும், இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். பொம்மை குறைவாக இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள்.

சித்தப்பா, அத்தை, மாமா என்று ஆளுக்கொன்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அன்றே எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இரண்டைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பீரோவுக்கு மேல் வையுங்கள். லீவில் ஒரு மழை நாளுக்கு உதவும்.

பெரியவனிடம் போன கிறிஸ்துமஸில் என்ன ஞாபகம் இருக்கு என்று கேட்டேன். ரிமோட் கார் வரும் என்று நினைத்தேன். “தாத்தா என்னைத் தோள்ல தூக்கி ஸ்டார் மாட்டச் சொன்னாங்க” என்றான். கார் எங்கே என்று கேட்டதற்கு, “எந்த கார்?” என்றான்.

கவனம் தேவைப்படும் 4 விஷயங்கள்

• பட்டன் பேட்டரி: மினுக்கும் பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, சின்ன எல்இடி விளக்குகளில் இருக்கும். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஸ்க்ரூ போட்டு மூடிய பேட்டரி அறை இருக்கிற பொம்மைகளையே வாங்குங்கள்.

• ஐஎஸ்ஐ முத்திரை: 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்.

• கடலை, முந்திரி: 5 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முழுதாகக் கொடுக்க வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கும். முந்திரிக்கொத்தைக்கூட உடைத்துத் தூளாக்கிக் கொடுங்கள்.

• எண்ணெய்ச் சட்டி: முறுக்கு சுடும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் வேண்டும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவக் கூடாது. அவசரத்துக்கு 108.

இதையெல்லாம் யார் செய்வது?

இதுவரை சொன்ன வேலைகளை ஒரு பேப்பரில் எழுதி, பக்கத்தில் யார் செய்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரே பெயர்தான் இருக்கும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகை நாளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

“ஏதாவது ஹெல்ப் வேணுமா?” என்று கேட்பது போதாது. ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வருடம் அத்தானுக்கு இரண்டு வேலை: இரண்டு பிள்ளைகளின் பையை அடுக்குவது, மதியம் 2 மணிக்கு அவர்களைத் தூங்கவைப்பது. யார் வந்தாலும், எவ்வளவு சொந்தக்காரராக இருந்தாலும், 2 மணி என்றால் 2 மணி.

4 மணியா, 8 மணியா?

மிச்சம் இருந்தது அதிகாலை ஆராதனை. சின்னவளோடு 4 மணிக்கு வரப்போவதில்லை, அவள் தூங்கி எழுந்த பிறகு 8 மணி ஆராதனைக்குப் போகிறோம் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். முடிவெடுத்தது ஈஸி. அதை அம்மாவிடம் சொல்ல இரண்டு வாரம் ஆனது. நாலு மணி ஆராதனைக்குப் போகாத கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு அம்மா சொன்னார்: “உங்க ரெண்டு பேருக்கும் நாலு, அஞ்சு வயசு ஆகுற வரைக்கும் நானும் அதே படியிலதான் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு வான்னு என்கிட்ட யாரும் சொல்லலையே. சரி, அப்பா நாலு மணிக்குப் பெரியவனைக் கூட்டிட்டுப் போகட்டும். நான் உங்களோடயே வர்றேன்.”