கணக்குப் பார்த்துக் காப்பாற்றிய கிளப்

ஃபெர்கஸ் மெக்கான் ஸ்காட்லாந்துக்காரர், தொழிலால் கணக்காளர். 1941இல் பிறந்த அவர் வளர்ந்தது கில்சைத் என்ற சிற்றூரில். பக்கத்து ஊரான கிராயில், கிளாஸ்கோவின் செல்டிக் கால்பந்துக் கிளப்புக்கான ரசிகர் சங்கத்தில் இளம் வயதிலேயே பொறுப்பு வகித்தார். ஆட்ட நாளன்று ஊர்க்காரர்களோடு பேருந்தில் கிளாஸ்கோவுக்குப் போய், நின்றபடியே ஆட்டம் பார்த்துத் திரும்பும் கூட்டத்தில் அவரும் ஒருவர். 1964இல் கனடாவுக்குக் குடியேறினார். வட அமெரிக்கர்களை ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் சுற்றுலா அழைத்துவரும் தொழிலில் பெரும் பணம் சேர்த்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பணத்தோடு திரும்பி வந்து, திவாலாகும் நிலையில் இருந்த செல்டிக் கிளப்பை வாங்கினார். ஐந்து ஆண்டு நடத்தி நிமிர்த்திவிட்டு விலகிக்கொண்டார். பதவியில் இருந்தவரை, அவர் காப்பாற்றிய கிளப்பின் ரசிகர்களிலேயே பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை.

காரணம் புரிய, செல்டிக் எப்படிப்பட்ட கிளப் என்பது தெரிய வேண்டும். அது பிறந்ததே தேவாலயத்தில். 1840களின் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த கத்தோலிக்கர்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பென்னிக்கு மதியச் சாப்பாடு போட்டுவந்தவர் பிரதர் வால்ஃப்ரிட் என்ற மாரிஸ்ட் சபைத் துறவி. பசிக்காகப் பிள்ளைகள் பிராட்டஸ்டன்ட் தருமச் சமையற்கூடங்களுக்குப் போனால் நாளடைவில் மதமும் மாறிவிடும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. சாப்பாட்டுக்குப் பணம் திரட்டத்தான் 1887 நவம்பரில், கால்டன் பகுதியின் புனித மேரி ஆலயக் கூடத்தில் கால்பந்துக் கிளப் தொடங்கப்பட்டது. 1888 மே மாதம் நடந்த முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸை 5-2 என்று வென்றது. பிற்காலத்தில் ரேஞ்சர்ஸ் பிராட்டஸ்டன்ட்களின் கிளப்பாகவும் செல்டிக் கத்தோலிக்கர்களின் கிளப்பாகவும் நகரமே இரண்டாகப் பிரிந்து நின்றது.

தர்ம காரியம் அதிக காலம் முதலிடத்தில் இருக்கவில்லை. 1892இல் வால்ஃப்ரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இல் கிளப் லிமிடெட் கம்பெனியானது. அதன்பின் பங்குகள் கெல்லி, வைட், கிராண்ட் என்ற சில குடும்பங்களிடமே சுற்றிவந்தன. பங்கு கை மாற வேண்டுமென்றால் இயக்குநர்கள் ஒப்ப வேண்டும். இயக்குநர்களோ அந்தக் குடும்பத்தினர். தந்தைக்குப் பின் மகன் என்று நாற்காலி நகர்ந்தது. 1971 முதல் 1985 வரை தலைவராக இருந்த டெஸ்மண்ட் வைட்டும் கணக்காளர்தான். ஆகவே கிளப் திவாலாகும் நிலைக்கு வந்தது கணக்குத் தெரிந்தவர் இல்லாததால் அல்ல. அவர்கள் சிக்கனமாகத்தான் நடத்தினார்கள். ஆனால் வீட்டுச் சொத்தைப் போல நடத்தினார்கள். வெளியாரின் முதலீட்டுக்குக் கதவு மூடியே இருந்தது.

அப்படியிருந்தும் ஆட்டத்தில் குறைவில்லை. 1967இல் லிஸ்பனில் இன்டர் மிலனை 2-1 என்று வீழ்த்தி, ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணியானது செல்டிக். ஆடிய அனைவரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். இனி எந்தக் கிளப்பாலும் செய்யமுடியாத காரியம் அது.

1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி ரசிகர்கள் மாண்டபோது எல்லாம் மாறியது. மேல்மட்டக் கிளப்புகளின் மைதானங்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டு, 1994 ஆகஸ்டுக்குள் எல்லாருக்கும் இருக்கை போட வேண்டும் என்று விதி வந்தது. கிளப்பின் மைதானமான செல்டிக் பார்க்கில் பெரும்பகுதி நின்று பார்க்கும் இடம். புதுப்பிக்கப் பணமில்லை. ஊருக்கு வெளியே கேம்பஸ்லாங்கில் புது மைதானம் கட்டப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அது காகிதத்தைத் தாண்டவில்லை. ரேஞ்சர்ஸ் ஆண்டுதோறும் கோப்பையை எடுத்துப்போக, செல்டிக் ரசிகர்கள் ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். டிக்கெட் வருமானமும் விழுந்தது. வங்கிக் கடன் 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

1994 மார்ச் 4 அன்று வங்கி கெடு வைத்தது. அன்று பணம் வராவிட்டால் கிளப் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போயிருக்கும். கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மெக்கானின் பணம் வந்து சேர்ந்தது. நூறாண்டுக் குடும்ப ஆட்சி அன்று மாலையோடு முடிந்தது. கனடாவிலிருந்து வந்தவரைப் பார்த்த ரசிகர்களின் கண்ணில் பட்டது குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, தலையில் தட்டைத் தொப்பி. ஸ்காட்லாந்தில் அந்தத் தொப்பிக்குப் பெயர் ‘பன்னட்’. அதுவே அவருக்குப் பட்டப்பெயரானது.

வந்ததுமே தன் திட்டத்தை நாள் குறித்துச் சொல்லிவிட்டார். ஐந்து ஆண்டு இருப்பேன், மைதானம் கட்டுவேன், பிறகு பங்குகளை விற்றுவிட்டுப் போவேன். கால்பந்து முதலாளிகள் இப்படி வெளிப்படையாகப் பேசுவது அரிது. சொன்னபடி நடப்பது அதைவிட அரிது.

முதலில் அவர் நம்பியது ரசிகர்களின் சட்டைப்பையை. 1995 தொடக்கத்தில் பங்கு வெளியீடு நடந்தது. அதுவரை பங்கு என்றால் என்னவென்றே அறியாத தொழிலாளிகளும் ஓய்வூதியக்காரர்களுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். மைதானத்தை இடித்துக் கட்டத் தொடங்கியபோது, 1994-95 பருவம் முழுவதும், ஹேம்ப்டன் பார்க்கை வாடகைக்கு எடுத்து அணி ஆடியது. அந்த நவம்பரில் கீழ்ப்பிரிவு அணியான ரேய்த் ரோவர்ஸிடம் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் பெனால்டியில் தோற்றபோது, செங்கல்லுக்குப் போகிற பணம் ஆட்டக்காரனுக்குப் போகவில்லையே என்ற முணுமுணுப்பு பலமானது. மறு மே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பை வந்தது. ஆறு ஆண்டுகளில் அதுதான் முதல் கோப்பை.

ஒப்பந்தத்தில் எழுதியதை அப்படியே நிறைவேற்றியாக வேண்டும் என்பது மெக்கானின் குணம். பழைய நிர்வாகம் நியமித்த மேலாளர் லூ மக்காரி, கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்திலிருந்து 45 மைலுக்குள் குடியிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் குடும்பமோ இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில். குடிமாறவில்லை, கேட்டபடி வாரா வாரம் அறிக்கை தரவில்லை என்று 1994 ஜூனில் அவரை நீக்கினார் மெக்கான். மக்காரி வழக்குப் போட்டார். மேல்முறையீடு வரை போன அந்த வழக்கில் 1999இல் கிளப்பே வென்றது. சட்டம் பக்கத்தில் இருந்தாலும், ஒருகாலத்தில் அணிக்காகக் கோல் அடித்தவரை முகவரிக்காக வெளியேற்றியது ரசிகர்கள் பலருக்கு உறுத்தியது. உறுத்தியதில் நியாயமும் உண்டு.

அதே பிடிவாதம் இன்னொரு விஷயத்தில் ரசிகர்களுக்கு இனித்தது. 1996இல் போர்ச்சுகலிலிருந்து ஜார்ஜ் கடேட்டி என்ற முன்கள வீரர் வந்தார். அவருடைய பதிவை ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் இழுத்தடித்ததால், ரேஞ்சர்ஸுடனான கோப்பை அரையிறுதியில் அவரால் ஆட முடியவில்லை. செல்டிக் 2-1 என்று தோற்றது. வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். மெக்கான் தேதிகளையும் தாள்களையும் வைத்துக்கொண்டு மூன்றாண்டு துரத்தினார். 1999 மார்ச்சில் சங்கத்தின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபாரி பதவி நீக்கப்பட்டார்.

ஆனால் அதற்குள் கடேட்டியே கிளப்பில் இல்லை. அவரும் சக வீரர்களான வான் ஹூய்டொங்க், டி கானியோ ஆகியோரும் சம்பளத் தகராறில் ஒவ்வொருவராக விலகியிருந்தார்கள். அன்பாகப் போற்றப்பட்ட மேலாளர் டாமி பர்ன்ஸும் 1997இல் நீக்கப்பட்டார். கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் தெரியாத மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின.

கிளப்பின் தொடக்கத்தை மறந்தவர் என்று மட்டும் அவரைச் சொல்ல முடியாது. 1995இல் செல்டிக் அறநிதி அமைக்கப்பட்டது. மறு ஆண்டு, மதவெறிப் பாட்டுக்கும் கோஷத்துக்கும் எதிராகக் கிளப்பே ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. கத்தோலிக்க அடையாளத்தில் பெருமிதம் கொண்ட ரசிகர்களிடமே இதைச் சொல்வது எளிதல்ல. சொந்த வீட்டிலேயே கை வைப்பதாகச் சிலர் கொதித்தார்கள்.

1997இல் டச்சுக்காரர் விம் யான்சன் பயிற்சியாளரானார். அந்தக் கோடையில் 6,50,000 பவுண்டுக்கு வாங்கப்பட்ட ஹென்ரிக் லார்சன், கிளப் வரலாற்றின் மிக மலிவான பேரங்களில் ஒன்று. ரேஞ்சர்ஸ் அதற்குள் தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்று, செல்டிக் 1966-74இல் படைத்த சாதனையைச் சமன் செய்திருந்தது. பத்தாவதைத் தடுப்பதுதான் அந்த ஆண்டின் ஒரே லட்சியம். 1998 மே 9 அன்று செயின்ட் ஜான்ஸ்டனை 2-0 என்று வென்று செல்டிக் பட்டத்தைப் பறித்தது. கொண்டாட்டம் அடங்குமுன் யான்சன் விலகினார். பழி மெக்கான் தலையில் விழுந்தது.

ஆகஸ்டில் புதிய பருவத்தின் முதல் ஆட்டம். மைதானம் கட்டி முடிந்து, சுமார் 60,000 பேர் உட்காரும் அரங்கமாக நின்றது. பட்டம் வென்றதற்கான கொடியை ஏற்ற மெக்கான் வந்தபோது, அவர் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள்.

1999இல் சொன்ன தவணையில் கிளம்பினார். பாதிக்கு மேற்பட்ட பங்கு அவரிடம் இருந்தது. ஒரே பணக்காரரிடம் மொத்தமாகத் தராமல், ரசிகர்களுக்கும் இருக்கும் பங்குதாரர்களுக்கும் முதலில் வாய்ப்புக் கொடுத்தார். சுமார் 90 லட்சம் பவுண்ட் போட்டவர் ஏறத்தாழ 4 கோடி பவுண்டோடு போனார். பக்திக்காக வந்தவர் லாபத்தோடு போகலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. லாபம் வரும்படி நடத்தினால்தான் கிளப் பிழைக்கும் என்பதே அவர் கொள்கை.

கடன் வாங்கித் தாராளமாகச் செலவு செய்த ரேஞ்சர்ஸை நடத்திய கம்பெனி 2012இல் வரிப் பாக்கியில் மூழ்கிக் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. அணி நான்காம் பிரிவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. அந்த வீழ்ச்சிக்குப் பிறகு செல்டிக் ரசிகர்களில் பலர் தொப்பிக்காரரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். 2014 ஆகஸ்டில் லீக் கொடியை ஏற்ற கிளப் அவரைத் திரும்ப அழைத்தது. இந்த முறை அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.