தாக்குவிசைத் திருகுச்சாவியும் அதன் மின்கலமும்

வெளிக்களப் பணியாளர்களுக்கு நட்டும் போல்ட்டும் நாள்தோறும் எதிர்ப்படும் பொருள்களாகும். ஜீப்பின் சக்கரம், கைப்பம்பின் மூடி, சூரிய மின்பலகையைத் தாங்கும் சட்டம் ஆகிய யாவும் இவற்றாலேயே பிணைக்கப்பட்டுள்ளன. துருவேறிய நட்டு ஒன்றைக் கழற்றும்பொருட்டு நீண்ட பானாவின்மேல் ஏறி நின்று மிதித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அவ்வேலையைச் சில வினாடிகளில் முடித்துத் தரும் கருவியே தாக்குவிசைத் திருகுச்சாவி. பட்டறைகளில் இதனை 'இம்பாக்ட் ரெஞ்சு' என்பர். முன்னர் அழுத்தக் காற்றினாலோ கம்பிவழி மின்சாரத்தினாலோ மட்டும் இயங்கிய இக்கருவி, இன்று மின்கலத்தின் துணையுடன் மின்வசதியற்ற இடங்களுக்கும் செல்கிறது. இதன் ஆற்றலை அறியாது கையாண்டால், உதவிய கருவியே விபத்துக்கும் காரணமாகிவிடும்.

கருவி இயங்கும் விதம்

ஓர் ஆணியின் தலைமீது சுத்தியலை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் ஆணி பலகையில் இறங்குவதில்லை. அதே சுத்தியலை ஓங்கி அடித்தால் எளிதில் இறங்கிவிடுகிறது. இயக்கத்தில் சேர்ந்த ஆற்றல் மிகக் குறுகிய நேரத்தில் வெளிப்படுவதால் பெருவிசை பிறக்கிறது என்பதே இதன் காரணம். இச்சோதனையை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே செய்து காட்டலாம்.

இக்கருவியில் அவ்வடி சுழற்சியாக நிகழ்கிறது. மோட்டார் ஒரு கனத்த எஃகுச் சுத்தியலைச் சுழற்றுகிறது. அதன் முன்னே, சாக்கெட்டைத் தாங்கும் தண்டுடன் இணைந்த அடைகல் உள்ளது. நட்டு தளர்வாக இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே சுழலும். நட்டு எதிர்க்கத் தொடங்கியதும், சுத்தியல் ஒரு சுருள்வில்லை அமுக்கியவாறு பின்வாங்கி, அடைகல்லின் பற்களைத் தாண்டி, மீண்டும் முன்னே பாய்ந்து அவற்றைப் பக்கவாட்டில் அடிக்கிறது. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான அடிகள் இவ்வாறு விழுகின்றன. அடியின் பெருவிசை நட்டைச் சேர்கிறது. கைக்குத் திரும்பும் விசையோ சிறிதே. ஆகவேதான் ஒரு கையில் பிடிக்கக்கூடிய கருவி பல நூறு நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையைத் தர இயலுகிறது.

இறுக்குவதில் எச்சரிக்கை

கை உணராத விசை என்பதே இக்கருவியின் சிறப்பு. அதுவே அதன் ஆபத்தும் ஆகும். போல்ட்டு என்பது உண்மையில் ஒரு விறைப்பான வில். இறுக்கும்போது அது சிறிது நீள்கிறது; மீண்டும் சுருங்க முயலும் அவ்விசையே பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அளவுக்கு மீறி நீட்டப்பட்ட போல்ட்டு தன் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளிப்பார்வைக்கு அது நன்றாகவே தோன்றும்; பல நாள் கழித்து, ஓடும் வண்டியில் முறியும்.

மேலும், செலுத்தும் முறுக்குவிசையில் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டுவதற்குப் பயன்படுகிறது. மரையில் எண்ணெய் பட்டால் இக்கணக்கு மாறி, அதே முறுக்குவிசை போல்ட்டை மேலும் நீட்டிவிடும். அடிக்கும் நேரம், சாக்கெட்டின் தளர்ச்சி, இடையில் சேர்த்த நீட்டுத்தண்டு ஆகியவையும் விளைவை மாற்றும். எனவே கருவியின்மேல் பொறித்துள்ள எண்ணை நட்டின் இறுக்கமாகக் கொள்ளுதல் தவறு.

சக்கரம் மாற்றுவோர் பின்வரும் முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலில் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். வண்டியை உயர்த்துமுன் நட்டுகளைச் சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். திரும்பப் பொருத்துகையில் ஒவ்வொரு நட்டையும் இரண்டு மூன்று சுற்றுகள் கையாலேயே ஏற்றுதல் இன்றியமையாதது. இதனால் மரை பிசகாது. பின்னர், எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றிக் கருவியால் மெல்ல இறுக்கலாம். வண்டியை இறக்கிய பின், இறுதி இறுக்கத்தை அளவுகாட்டும் முறுக்குப் பானாவினால், வண்டியின் கையேடு கூறும் அளவுக்குச் செய்தல் வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சோதிப்பது நன்று.

கைப்பானாவுக்குரிய பளபளப்பான சாக்கெட்டுகளை இக்கருவியில் பூட்டலாகாது. அவை அடியைத் தாங்காமல் வெடித்துச் சிதறக்கூடும். தாக்குவிசைக்கென்றே செய்யப்பட்ட, பெரும்பாலும் கருநிறமான, தடித்த சாக்கெட்டுகளே ஏற்றவை. கண்ணாடியும் காதடைப்பும் அணிய வேண்டும். சாக்கெட்டை மாற்றுமுன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும்.

மின்கலத்தைப் பேணுதல்

கம்பியற்ற துளைக்கருவியை 1961-இல் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் வெளியிட்டபோது அது நிக்கல்-காட்மியம் மின்கலத்தால் இயங்கியது. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலம் பின்னர் இத்துறையையே மாற்றியமைத்தது. அம்மின்கலத்தை உருவாக்கியமைக்காகக் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

18 வோல்ட் மின்கலப் பெட்டிக்குள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் கொண்ட 5 கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முழு மின்னேற்றத்தில் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டை எட்டுவதால் மொத்தம் 21 வோல்ட் ஆகும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்று குறித்த பெட்டி 90 வாட்-மணி ஆற்றலைத் தாங்குகிறது.

பழைய மின்கலங்களை முற்றிலும் தீர்த்தபின் மின்னேற்றும் வழக்கம் ஒன்று இருந்தது. லித்தியம் மின்கலத்துக்கு அது கேடு விளைவிப்பதாகும். கருவியின் வேகம் குறையும்போதே வேலையை நிறுத்தி மின்னேற்ற வேண்டும். வேலை முடிந்து சூடாக இருக்கும் மின்கலத்தை ஆறவிட்ட பின்னரே மின்னேற்றியில் பொருத்த வேண்டும். உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் மின்னேற்றினால் கலத்தினுள் லித்தியம் உலோகம் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். லடாக் போன்ற பகுதிகளில் பணியாற்றுவோர் இதனை மறத்தலாகாது.

வெப்பமோ அதனினும் பொதுவான பகை. கோடையில் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் உட்புறம் 60 பாகை செல்சியஸைக் கூட எட்டிவிடும். மின்கலத்தை அங்கே விட்டுச் செல்லலாகாது. நெடுநாள் பயன்படுத்தாவிடில், பாதியளவு மின்னேற்றத்துடன், கருவியிலிருந்து கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஆணியும் நட்டும் கிடக்கும் பெட்டியில் மூடியின்றிப் போட்டால் முனைகள் குறுக்கே இணைந்து தீப்பற்றக்கூடும்.

உப்பிய, வெடிப்புற்ற அல்லது நீரில் மூழ்கிய மின்கலத்தை மீண்டும் மின்னேற்ற முயலுதல் ஆபத்தானது. அதனை எரியும் பொருள்களிலிருந்து விலக்கி, வெளியே வைத்தல் வேண்டும். உழைத்து ஓய்ந்த மின்கலத்தைக் குப்பையில் எறிவதும் எரிப்பதும் கூடா. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

கருவிக்குரிய அன்றாடப் பணி சிறிதே. காற்றுத் துளைகளில் படிந்த தூசியை நீக்குதல், உலர்ந்த துணியால் துடைத்தல், சாக்கெட்டைப் பிடிக்கும் வளையத்தைச் சோதித்தல் ஆகியவை போதும். அடியின் ஓசை மாறினால் உள்ளிருக்கும் மசகும் பாகங்களும் தேர்ந்தவரால் பார்க்கப்பட வேண்டும். கருவி எவ்வளவு விரைந்து உழைத்தாலும், கடைசி இறுக்கத்தை அளந்து பார்க்கும் கடமை மனிதனுடையதே. அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்த முயல்பவர், அவ்வண்டியில் ஏறுவோர் அனைவரையும் அபாயத்துக்கு உள்ளாக்குகிறார்.