மனசு படபடக்குதா? கைப்பேசியிலும் உதவி உண்டு

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளுக்குப் படபடப்பு என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படபடப்போ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் கெடுத்தால், அது சிகிச்சை உள்ள ஒரு நோய். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருல என்ன பேசுவாங்க" என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் அடியை வீட்டிலிருந்தே வைக்கலாம்.

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதே மாதம் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் வந்தது. எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் கேட்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். 2024 அக்டோபர் 10-ல் இதற்கான செயலியும் வந்துவிட்டது. மன அழுத்தத்தின் ஆரம்ப அறிகுறிகள், அவற்றைச் சமாளிக்கும் வழிகள் அதில் உள்ளன. ஆலோசகரையும் அதன் வழியே தொடர்புகொள்ளலாம்.

தனியார் செயலிகளும் ஏராளம். மூச்சுப் பயிற்சிக்கும், அன்றாட மனநிலையைக் குறித்து வைக்கவும் அவை உதவும். அவை கேட்கும் கேள்விகளுக்கு வரும் மதிப்பெண்ணை மட்டும் நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு "தூக்கம் சரியில்லை" என்று செயலி தினமும் எச்சரிக்கலாம். அதுக்கு நம்ம ஊர் வேலை தெரியாதே! எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு எண்கள், இருப்பிடம், புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மருத்துவரிடம் நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்க 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது. செயலியில் தட்டச்சு செய்வது யாரிடம் போகிறது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயலியில் தெம்பு வந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் செயலியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 14416 அல்லது 108-ஐ அழையுங்கள். வீட்டில் யாராவது கூடவே இருக்கட்டும்.

நேரில் பார்க்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பழைய மருந்துச் சீட்டோடு, போனில் குறித்து வைத்ததையும் காட்டுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களை டாக்டர் அதில் படித்துக்கொள்வார்.