சாம்பாரில் உப்பில்லை என்று வந்த கோபம்

இரவு எட்டரை மணி. சாம்பாரில் உப்பு கொஞ்சம் கம்மி. வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். பிள்ளைகள் தலை நிமிராமல் சாப்பிட்டு முடிக்கிறார்கள். இப்படி ஒரு வீட்டையாவது நமக்கெல்லாம் தெரியும். அந்த மனிதர் ஒருநாள் மனைவியின் வற்புறுத்தலால் கவுன்சலிங்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் முதலில் சொல்வது, "எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி மேடம். எங்கப்பாவும் இப்படித்தான்."

விஷயம் தெரிந்த ஆலோசகர் உப்பைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ உடனே பேச மாட்டார். "அன்னிக்குக் காலையிலேர்ந்து என்ன நடந்துச்சு, வரிசையா சொல்லுங்க" என்பார். "ஒண்ணும் இல்ல. வழக்கம்போல ஆபீஸ்." "வழக்கம்போலன்னா?" இப்படிக் கேட்டுக் கேட்டுப் போனால் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து நிற்கும். மீட்டிங்கில், ஜூனியர் பசங்கள் முன்னால், மேலதிகாரி ரிப்போர்ட்டைத் தூக்கி மேஜையில் போட்டிருக்கிறார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூட வரலையா?" இவர் பதில் பேசவில்லை. காது சூடானது, கழுத்து இறுகியது, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் சொல்லாத பதிலைச் சொல்லிக்கொண்டே வந்தார். உப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

அங்கே முதலில் வந்தது கோபம் அல்ல, அவமானம். ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் சிகிச்சை உரையாடல்களின் எழுத்துப் படிகளை வரிவரியாகப் படித்து, 1971-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். அவமானம் பேச்சில் பெயர் சொல்லப்படாமலே கடந்துபோகிறது, சற்று நேரத்தில் ஆத்திரமாகத் திரும்பி வருகிறது. காரணம் புரியாததல்ல. அவமானத்தில் ஆள் சிறுத்துப்போகிறார், கோபத்தில் பெரிதாகிறார். அதிகாரியிடம் பெரிதாக முடியாதவர் வீட்டில் பெரிதாகிறார்.

லூயிஸ் சொன்ன இன்னொன்றும் முக்கியம். குற்றவுணர்வு நாம் செய்த காரியத்தைப் பற்றியது. அவமானம் நம்மைப் பற்றியது. 'தப்புப் பண்ணிட்டேன்' என்பவர் மன்னிப்புக் கேட்கலாம், திருத்திக்கொள்ளலாம். 'நானே தப்பான ஆள்' என்பவர் எதைத் திருத்துவார்? ஒளிந்துகொள்வார், அல்லது யார்மீதாவது பாய்வார். வேலை போனவர் சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்துவதும், மார்க் குறைந்த பையன் அம்மாவிடம் எரிந்து விழுவதும் இதே ஊற்றிலிருந்து வருபவைதான். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே தகாத செயலை நினைத்து நாணுவதைத்தான் நாணம் என்கிறார். அந்த நாணம் மனிதனுக்கு வேண்டும். 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்று ஆளையே அரிக்கிற அவமானம் வேறு. ஆலோசனை அறையில் பெரும்பாலும் மல்லுக்கட்டுவது இதனோடுதான்.

சரி, கோபத்தை என்ன செய்வது? 'அடக்காதே, கொட்டித் தீர்த்துவிடு' என்ற யோசனை நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கிறது. அது தவறு என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2002-இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 600 கல்லூரி மாணவர்களுக்கு, அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாக விமர்சித்துக் கோபமூட்டினார். ஒரு பிரிவினர் விமர்சித்தவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். 2024-இல் அவரும் சோஃபி க்யெர்விக்கும் 154 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதே திசைதான் தெரிந்தது. உடம்பின் கொதிப்பை இறக்கும் மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, தியானம், யோகா ஆகியவை கோபத்தைக் குறைத்தன. ஜாகிங் குறைக்கவில்லை. நடைப்பயிற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கோபம் தணியும் என்று நம்பி ஓடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஆலோசகர் முதலில் உடம்பில்தான் கை வைப்பார். காது சூடாவதும் கழுத்து இறுகுவதும் நம்மவருக்கு முன்னறிவிப்பு. அந்த இடத்திலேயே பிடித்து, மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்குவார். ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்வார். என்ன நடந்தது, மனசில் ஓடிய வாக்கியம் எது, உடம்பு என்ன செய்தது, நான் என்ன செய்தேன், பிறகு என்ன ஆனது. சில வாரங்கள் எழுதினால், வெவ்வேறாகத் தெரிந்த சண்டைகளுக்குப் பின்னால் ஒரே வாக்கியம் உட்கார்ந்திருப்பது தெரியவரும். 'என்னை யாரும் மதிக்கறதில்ல' என்பதுபோல ஏதோ ஒன்று. அந்த வாக்கியம் எவ்வளவு உண்மை என்று விசாரிப்பதுதான் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை.

அவமானம் ஆழமாக இருந்தால் இந்த விசாரணை மட்டும் போதாது. பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் இதைக் கவனித்தார். சிலர் 'என்மேல் தப்பில்லை' என்ற சரியான பதிலைச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே அதைச் சொல்லும் குரல் திட்டுகிற குரலாகவே இருக்கிறது. தன்னிடமே கனிவாகப் பேசக் கற்றுக்கொடுக்கும் முறையை அவர் அதிலிருந்துதான் உருவாக்கினார். கேட்க எளிது. 'அழாதடா, ஆம்பளைப் பையன்' என்றே வளர்க்கப்பட்டவருக்கு இதுதான் கடினமான பாடம்.

கோச்சிங் என்பது இந்த ஆலோசனையிலிருந்து வேறு. அது காயத்துக்கு மருந்து போடுவதில்லை. இனி என்ன செய்வது என்று கேட்கும். மேலதிகாரியிடம் தனியாகப் போய், "சார், தப்பைச் சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? அதை ஒத்திகை பார்க்க, அடுத்த வாரம் 'சொன்னீங்களா?' என்று கேட்க, கோச் உதவுவார். தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, குடி கூடிவிட்டது, பழைய கொடுமை கண்முன் வந்து நிற்கிறது என்றால் கோச்சிடம் போவது வீண், கெடுதலும்கூட. நம் நாட்டில் 'லைஃப் கோச்' என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டியதில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. புதிதாகக் கோபம் கூடியிருந்தால் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மனச்சோர்வும் ஆண்களிடம் பல சமயம் சிடுசிடுப்பாகத்தான் வெளிப்படுகிறது. அதற்கு மருந்து தேவைப்பட்டால் மருத்துவர்தான் எழுத முடியும்.

கை நீளும் வீடு என்றால் கதை வேறு. அங்கே கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதில் தொடங்கக்கூடாது. அடிபடுபவர் பாதுகாப்பாக இருப்பதுதான் முதல் வேலை. பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

மற்றவர்களுக்கு 14416 இருக்கிறது. இது மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், கடைசியாக வீட்டில் கத்திய அன்று காலையிலிருந்து என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குங்கள்.