லயத்துக்கு வந்த படங்கள்: அன்றும் இன்றும்

2006 டிசம்பரில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற அடிப்படை நாட்சம்பளம் 170 ரூபா. வரவுக் கொடுப்பனவும் மற்றவையும் சேர்ந்தால் 260. அந்த நாட்களில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பஸ் நிலையத்தை ஒட்டிய சீடி கடையில், மூன்று தட்டாக வரும் ஒரு புதுப் படம் 100 ரூபாவை ஒட்டி விற்றது. பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்தெடுத்த ஒரு நாளின் அடிப்படைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரு படத்துக்குப் போனது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆயிற்று. இன்று அதே படத்தைப் பார்க்கத் தேவைப்படுவது, போனுக்குப் போட்ட டேட்டாவில் ஒரு சிறு பங்கு. தோட்டத்து மனிதருக்குச் சினிமா இவ்வளவு மலிவாக ஒருபோதும் கிடைத்ததில்லை. ஆனாலும் அந்த 100 ரூபா வீணாய்ப் போனதாக அன்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதற்கும் முந்திய காலத்தில் படத்தை விலைக்கு வாங்கும் பேச்சே இல்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல் வந்தது. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர அதற்குப் பிறகும் நெடுங்காலம் பிடித்தது. 80களிலும் 90களிலும் தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, டவுனிலிருந்து டீவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் ஓர் இரவு வாடகைக்குக் கொண்டுவருவார்கள். லயத்து வாசலில் மேசை போட்டு டீவியை வைத்தால், விடிய விடிய மூன்று படம். பெரியவர்களுக்காக ஓர் எம்.ஜி.ஆர். படம், இளவட்டத்துக்கு ஒரு ரஜினி படம், நடுவில் ஒரு சாமிப் படம். கம்பளிக்குள் சுருண்ட பிள்ளைகள் இரண்டாம் படத்திலேயே தூங்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று இரவுகள்தான் அப்படி வாய்க்கும்.

2000க்குப் பிறகு நிலைமை மாறியது. மின்சாரம் வந்த லயங்களில் சீனத் தயாரிப்பு சீடி பிளேயர்கள் நுழைந்தன. தீபாவளி முற்பணத்தில் வாங்கியவர்கள் உண்டு, சீட்டு எடுத்து வாங்கியவர்கள் உண்டு, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் வாங்கி அனுப்பிய வீடுகளும் உண்டு. ஒரு வீடியோ சீடியில் ஏறக்குறைய 74 நிமிடப் படம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ தட்டு வேண்டும். ஒரு தட்டு முடிந்து அடுத்ததை மாற்றும் இடைவேளையில் அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும். கீறல் விழுந்த தட்டு ஓரிடத்தில் நின்று துடிக்கத் தொடங்கினால் அம்மா அதை எடுத்து, முந்தானையால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைப்பார். வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பது கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. அப்படியும் ஓடாவிட்டால் பற்பசையைத் தொட்டுத் தேய்த்துக் கழுவுவோம். சில தட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கென்று ஒரு நாள் இருந்தது. சம்பளம் 10ஆம் திகதி. அதையடுத்த ஞாயிறு டவுனுக்குப் போகும் நாள். அரிசி, மா, சீனி, பிள்ளைகளுக்குக் கொப்பிப் புத்தகம் எல்லாம் எடுத்து, கடன் தீர்த்து, மிச்சம் இருந்தால்தான் சீடி கடைப் படியேறுவது. அங்கே அம்மாமார் கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி, குடும்பமா ஒக்காந்து பாக்குற மாதிரி படமா குடு." 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவில் தாத்தாவும் மருமகளும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முகம் சுளிக்கும் காட்சி வந்தால் எழுந்து போக இன்னோர் அறை கிடையாது. ஆகவே அந்தக் கடைத் தம்பியின் தேர்வில் ஒரு பொறுப்பு இருந்தது. "அக்கா, இது கேமரா கொப்பி, ரெண்டு கெழம பொறுங்க, நல்ல கொப்பி வரும்" என்று வந்த வியாபாரத்தைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விக்ரமனின் 'சூர்யவம்சம்', 'வானத்தைப் போல', லிங்குசாமியின் 'ஆனந்தம்', சேரனின் 'தவமாய் தவமிருந்து' எல்லாம் லயங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடியது இப்படித்தான். சேரனின் படத்தில் வரும், பிள்ளையைப் படிக்கவைக்கக் கடன்பட்டு அலையும் தகப்பனின் கதையை, பிள்ளையைப் படிக்கவைக்கக் கடன்பட்டிருந்த தகப்பன்மார் பார்த்து அழுதார்கள். அந்த அழுகைக்கு 100 ரூபா அதிகமில்லை.

மேலும், அந்த 100 ரூபா ஒரு வீட்டோடு நிற்கவில்லை. 12 காம்பரா உள்ள லயத்தில் ஒரு படம் சுற்றி வந்தால் வீட்டுக்குப் பத்து ரூபாகூட விழவில்லை. இந்த வீட்டில் ஒரு படம், அடுத்த வீட்டில் இன்னொன்று என்று பேசிவைத்து வாங்குவதும் உண்டு. மனஸ்தாபமும் அதிலேயே வரும். இரவல் போன மூன்று தட்டில் இரண்டாவது மட்டும் திரும்பி வராது. கதையின் நடுப்பகுதி இல்லாமல், முதலையும் முடிவையும் மட்டும் மறுபடி மறுபடி பார்த்த வீடுகள் இருந்தன.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் அதைக் குற்றமென்றே சொல்கிறது. நாங்கள் கொடுத்த காசில் ஒரு சதம்கூடப் படம் எடுத்தவரைச் சேரவில்லை. நேர்வழியில் மலிவாகக் கொடுக்க முடியாதா என்றால், முடியும் என்று தமிழ்நாட்டில் காட்டினார்கள். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் உரிமம் வாங்கிய படங்களை வீடியோ சீடி 28 இந்திய ரூபா, டிவிடி 34 இந்திய ரூபா என்று விற்கத் தொடங்கியது. அன்றைய நாணய மாற்றில் அது நூறு இலங்கை ரூபாவுக்கும் கீழே. ஹட்டன் கடையின் திருட்டுத் தட்டு விலைதான். 2015இல் சேரனே 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 இந்திய ரூபாவுக்கு டிவிடியாக வீடுகளுக்குக் கொடுக்கும் 'சினிமா டு ஹோம்' திட்டத்தைத் தொடங்கினார். லயத்துத் தகப்பன்மாரைத் தன் படத்தால் அழவைத்தவர், அவர்களைப் போன்றவர்கள் நேர்மையாகக் காசு கொடுத்துப் பார்க்கவும் ஒரு வழி தேடினார் என்பதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போனது. அமெரிக்காவில் 1998 முதல் தபாலில் டிவிடி அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பர் 29ஆம் திகதி கடைசித் தட்டை அனுப்பி அந்தச் சேவையை மூடியது.

எங்கள் பக்கத்தில் மாற்றம் படிப்படியாக வந்தது. முதலில் நான்கைந்து படங்களை ஒரே தட்டில் அடைத்த டிவிடி. பிறகு ஒவ்வொரு லயத்துக் கூரையிலும் டிஷ். பிறகு பென் டிரைவ். கடைக்காரர் கணினியிலிருந்து பென்னில் ஏற்றிக் கொடுத்தார்; தட்டுக்கு விலை இருந்தது, ஏற்றுவதற்குக் கூலி மட்டும் என்றாயிற்று. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்புக்காகக் கடன்பட்டேனும் ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். பாடத்துக்காக வந்த போனில் படமும் வந்தது. அதே ஆண்டு மே 29ஆம் திகதி 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கே போகாமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. பழைய சீடி கடைகள் பலவற்றில் இன்று போன் கவரும் சார்ஜரும் தொங்குகின்றன.

கிடைத்தது சிறிதல்ல. உரிமம் உள்ளவர்களே பழைய படங்களை யூடியூபில் போட்டிருக்கிறார்கள். திருட்டுப் பிரதி தேடாமல் அவற்றைப் பார்க்கலாம். அன்று ரிமோட் ஆண்கள் கையில் இருந்தது. எந்தப் படத்தைப் போடுவது என்பதைப் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரே முடிவு செய்தார். இன்று கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தனக்குப் பிடித்ததை யாரிடமும் கேட்காமல் பார்க்கிறாள். அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அதே காம்பராவில் நான்கு பேர் நான்கு திரையில் நான்கு படம் பார்க்கிறார்கள். ஒருவர் சிரிக்கும்போது மற்றவருக்கு ஏன் என்று தெரிவதில்லை. குடும்பமாகப் பார்க்கிற படம் வேண்டும் என்று கேட்பதற்கு இப்போது கடையுமில்லை, அவசியமுமில்லை. படம் பார்த்து முடித்த மறுநாள் மலையில் நிரைக்கு நிரை அந்தக் கதையையே பேசிக்கொண்டு கொழுந்தெடுத்ததும் இதோடு போயிற்று.

இருந்தாலும் 'சூர்யவம்ச'த்தின் தட்டு உடைந்தால் பெரிய நட்டம் இல்லை. படம் எங்கோ இருக்கிறது. என் கவலை இன்னொரு வகைத் தட்டுகளைப் பற்றியது. அதே சீடி பிளேயரில், அதே பாயில் உட்கார்ந்து பார்த்த வேறு குடும்பப் படங்கள் உண்டு: கல்யாணம், சடங்கு, காதுகுத்து. டவுன் ஸ்டூடியோவிலிருந்து வீடியோக்காரர் வருவார். விளக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு பையனும் வருவான். சில வாரங்களில் தட்டு வரும். மேலே மணமக்கள் படம், ஓரத்தில் ரோஜாப்பூ, உள்ளே பொருத்தமில்லாத சினிமாப் பாட்டு. சினிமாத் தட்டை விடப் பல மடங்கு செலவு. ஒரு பிரதி வீட்டுக்கு, ஒன்று தூரத்து உறவுக்கு.

அந்தத் தூரம் எங்களுக்கு எப்போதும் உண்டு. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன அண்ணன் தம்பிகளுக்கு, வரமுடியாத கல்யாணத்தை யாரோ ஒரு பயணியின் பையில் தட்டாகக் கொடுத்து அனுப்பினோம். பிறகு சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மார். மகளின் சடங்குக்கு அவர்கள் அனுப்பிய காசில்தான் பந்தல் போட்டார்கள், வீடியோ எடுத்தார்கள். அவர்கள் அதைப் பார்த்தது பல மாதம் கழித்து, விடுமுறைக்கு வந்தபோது அந்தத் தட்டில்தான். இன்று இமோவிலோ வாட்ஸ்அப்பிலோ சடங்கை நேரடியாகக் காட்டிவிடலாம். தாய் அங்கேயிருந்தே வாழ்த்துகிறாள். இது பெரிய ஆறுதல். ஆனால் அழைப்பு முடிந்ததும் அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தட்டு மிஞ்சியது. இறந்துபோன பாட்டி எழுந்து வந்து திருநீறு பூசுவதும், இடித்துக் கட்டப்பட்ட பழைய லயத்தின் தகரக் கூரையும், வாசலில் குவிந்திருந்த செருப்புகளும் அதில் மட்டுமே இருக்கின்றன.

அந்தத் தட்டுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. தொழிற்சாலையில் அச்சடித்த சினிமாத் தட்டு நாள்பட நிற்கும். ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்தது அப்படியல்ல. அதில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதைக் கெடுக்கும். நுவரெலியாவின் ஈரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த தட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. எடுத்த ஸ்டூடியோக்கள் பல இன்று இல்லை. இருப்பவையும் பழைய கோப்புகளை எப்போதோ அழித்துவிட்டன. லயத்தில் தீப்பிடித்தாலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நடந்ததுபோல மலை சரிந்தாலும், ஒரே பெட்டியில் உள்ள ஒரே பிரதி வீட்டோடு போகும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில், தோல்பெட்டியில் அப்படி ஒரு தட்டு இருந்தால் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் தட்டுப் போடும் இடம் இருக்காது. வெளியே செருகும் டிவிடி டிரைவ் கிடைக்கிறது, பழைய கணினி வைத்திருக்கும் கொமினிகேஷன் கடைகளும் உண்டு. மெல்லிய துணியால் துடைத்து, உள்ளே இருப்பதை அப்படியே கொப்பி எடுங்கள். ஒரு வீடியோ சீடி ஏறக்குறைய 800 எம்பி, ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜீபி, 64 ஜீபி பென் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு டிவிடி அடங்கும். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், கோயில் திருவிழா என்று தோட்டம் முழுவதுக்கும் சொந்தமான பதிவுகள் இருந்தால், ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். கொப்பி எடுத்த பிறகு வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தை ஓடவிட்டு, யார் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.