கையில் காசே இல்லையென்றால் மக்கள் என்ன செய்வார்கள்? அர்ஜென்டினாவில் நடந்தது இதுதான்!

2001 டிசம்பர். வங்கிக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றது அர்ஜென்டினா அரசு. பலருக்கு வேலையும் இல்லை, கையில காசும் இல்லை. ஆனால் சமைக்கத் தெரியும், தைக்கத் தெரியும். அப்புறமென்ன? பண்டமாற்று சங்கங்களுக்குப் படையெடுத்தார்கள்.

1995-ல் பியூனஸ் அயர்ஸ் அருகே பெர்னாலில் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கே ‘கிரெடிட்டோ’ என்ற சீட்டுதான் பணம். வீட்டில் சுட்ட ரொட்டியைக் கொடுத்தால் சீட்டு; அந்தச் சீட்டைக் கொடுத்தால் முடி வெட்டிவிடுவார்கள்.

ஒருத்தரையொருத்தர் தெரிந்த சின்னச் சங்கமாக இருந்தவரை இது நன்றாகவே ஓடியது. லட்சக்கணக்கானோர் சேர்ந்ததும் கள்ளச் சீட்டுகள் புகுந்தன. இதுவும் அச்சடித்த காகிதம்தானே! மாவு, எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது, விலை எகிறியது. 2002 முடிவதற்குள் பெரும்பாலான சங்கங்கள் கலைந்துவிட்டன.