கிழக் குதிரைக்கு என்ன தீனி?

போடிநாயக்கனூருக்கு மேலே, ரோடு இல்லாத மலைக் கிராமங்களுக்குக் குதிரைதான் லாரி! அரிசி மேலே போகும். காப்பி, ஏலக்காய் கீழே இறங்கும்.

குதிரைக்கு 20 வயதானால் கிழப் பருவம். பல் தேய்ந்துவிடும். கொள்ளு வைத்தும் உடம்பு இளைக்கிறதா? சாணத்தைப் பாருங்கள். முழுக் கொள்ளு கிடந்தால், மெல்ல முடியவில்லை என்று அர்த்தம்.

அதற்காகக் கொள்ளை அள்ளிப் போடக் கூடாது. வயிற்று வலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. ஆகவே உயிருக்கே ஆபத்து!

கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, மசித்து, நாளுக்கு 3, 4 தடவை கொஞ்சங் கொஞ்சமாக வையுங்கள். முக்கிய உணவு புல்தான். இளம்புல்லாகப் பார்த்துப் போடுங்கள். பூசணம் பிடித்த வைக்கோல் ஆகாது. தீனியை 10 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். பல்லை மாட்டு டாக்டரிடம் காட்டி அராவுங்கள்.

சுமையையும் குறையுங்கள். குடும்பத்துக்காக மலை ஏறிய கால்கள் அல்லவா?